ஒன்பதாம் பக்கத்துப் படம்

இல்ல சார், நான் நகர மாட்டேன். நீங்க எத்தனை தடவை கேட்டாலும் இந்த நாற்காலி லிஃப்ட் கதவுக்கு முன்னாலதான் இருக்கும், நானும் இதுலதான் உக்காந்திருப்பேன். கத்துங்க, பரவாயில்ல. ஆஸ்பத்திரி மேனேஜர்னா கத்தத்தான் வேணும். ஆனா கத்திக்கிட்டே ஒரு போனைப் போட்டு, எல்லா மாடியிலயும் இந்தக் கதவுக்கு முன்னால ஒரு பெஞ்சை இழுத்துப் போடச் சொல்லிடுங்க. நான் ஒரு மாடியைத்தான் காவல் காக்க முடியும். எனக்கு இருக்கறது ஒரு உடம்பு.

பைத்தியமெல்லாம் இல்ல சார். கண்ணு காட்ட வந்தவ. டோக்கன் நாப்பத்தி ஒண்ணு, வேணும்னா பாத்துக்குங்க. சொட்டு மருந்து விட்டு, கண்ணு நல்லா விரியட்டும், அரை மணி நேரம் மூடிக்கிட்டு உக்காருங்கன்னாங்க. உக்காந்தேன். அப்பறம் மேல டாக்டர்கிட்ட போங்கன்னாங்க. வந்து இந்தக் கைப்பிடியைப் பிடிச்சு இழுத்தேன், கதவு திறந்துச்சு. காலை எடுத்து உள்ள வைக்கப் போறேன், மூஞ்சியில குளுகுளுன்னு காத்து அடிக்குது. கிரீஸ் வாடை வேற. லிஃப்டுக்குள்ள ஏதுங்க காத்து? அந்த ஒரு சந்தேகம்தான் என்னைக் காப்பாத்துச்சு. இல்லேன்னா இந்நேரம் நீங்க என்கூட பேசிக்கிட்டு இருக்க மாட்டீங்க, போலீஸ்கூட பேசிக்கிட்டு இருப்பீங்க. லிஃப்ட் எங்கயோ மேல நிக்குது. எனக்கு முன்னால வெறும் பள்ளம்.

ஆமா, நீங்க வந்து அஞ்சு தடவை இழுத்துப் பாத்தீங்க, திறக்கல. நானும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அதான் சார் இந்தப் பூட்டோட குணமே. அஞ்சு தடவை நல்ல பிள்ளையாட்டம் பிடிச்சுக்கும், ஆறாவது தடவை கையை விட்டுடும். எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? சொல்றேன். மொதல்ல போன்.

ஆங், கீழ போட்டாச்சா? முதல் மாடியில? சரி. இது ரெண்டாவது, நான் இருக்கேன். மூணாவதுல சொல்லிட்டீங்க. நாலாவது? எடுக்கலையா? மறுபடி போடுங்க. ஆபரேஷன் முடிஞ்சவங்களைப் படுக்க வெச்சிருக்கற மாடி அதுதானே? கண்ணுல கட்டோட இருக்கறவங்க. விடாம போடுங்க சார், எடுக்கற வரைக்கும் போடுங்க.

அய்யோ, மெயினை ஆஃப் பண்ணிட்டா மட்டும் ஆச்சா? பூட்டு கரண்டுல இல்ல சார், கொக்கியில இருக்கு. கரண்டே இல்லேன்னாலும் கதவு திறக்கும், பள்ளம் பள்ளமாத்தான் இருக்கும். பெஞ்சுதான் வேணும்.

நான் காப்புரிமை ஆபீஸ்ல இருக்கேன். பேட்டன்ட்னு சொல்றாங்களே, அது. ஒருத்தர் புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சேன்னு எழுதிக் கொண்டு வந்தா, அது நெசமாவே புதுசுதானான்னு தேடிப் பாத்துச் சொல்றது எங்க வேலை. பரிசோதகர்னு பேரு. முப்பத்தி மூணு வருஷமா பூட்டு, கீல், தாழ்ப்பாள், கதவு, இதுதான் எங்க பிரிவு. எங்க மாப்பிள்ளை கேலி பண்ணுவாரு, அத்தை ஒரு வீட்டுக்குப் போனா மனுஷங்களை விசாரிக்க மாட்டாங்க, கதவைத்தான் விசாரிப்பாங்கன்னு. அதனால, மருந்து விட்ட கண்ணா இருந்தாலும் இந்தப் பூட்டோட உருவம் எனக்குத் தெரிஞ்சு போச்சு. இந்த நர்ஸ் பொண்ணைக் கூப்பிட்டு, பூட்டு மேல காப்புரிமை நம்பர் குத்தியிருக்கும் படிம்மான்னேன். கிட்டத்துல இருக்கற எழுத்து எனக்கு இப்ப ஒண்ணும் தெரியாதே. அவ பாதி படிக்கறதுக்குள்ள மீதியை நானே சொல்லிட்டேன். அப்பத்தான் அவ பயந்து உங்களைக் கூப்பிட ஓடினா.

மனப்பாடமா எப்படின்னா... எங்க பிரிவுல இருக்கறவங்களுக்கு அந்த நம்பர் தெரியும் சார், விடுங்க.

சர்டிஃபிகேட்டா? அதைக் காட்டித்தான் வித்தாங்களா? நெனச்சேன். ஜனங்களுக்கு, காப்புரிமைன்னா சர்க்காரே தரம் பாத்து முத்திரை குத்தினதுன்னு ஒரு நெனப்பு. கிடையாது சார். இது புதுசுன்னுதான் அதுக்கு அர்த்தம், நல்லதுன்னு அர்த்தம் இல்ல. இந்தப் பூட்டு விஷயத்துல அது புதுசும் இல்ல.

நாலாவது இன்னும் எடுக்கலையா? என்ன சார், ஒரு மாடி முழுக்க ஆளே இல்லையா? டீ குடிக்கப் போயிட்டாங்களா? ஏம்மா, நீ படி வழியா ஓடும்மா. லிஃப்டைத் தொடாத. மேல போன உடனே கதவுக்கு முன்னால நில்லு, அப்பறமா பெஞ்சைத் தேடு. ஓடு.

நான் பேசிக்கிட்டே இருக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க. பேசாம இருந்தா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா, அவங்க மேசைக்குத்தான் இந்தப் பூட்டு வந்துச்சு, ஆறு வருஷத்துக்கு முன்னால. கம்பெனிக்காரன் என்ன எழுதியிருந்தான்னா, எல்லா கொக்கிப் பூட்டுலயும் ஸ்பிரிங் இருக்கு, எங்களுதுல ஸ்பிரிங்கே கிடையாது, கொக்கி தன் எடையிலயே குழிக்குள்ள விழுந்துடும், அதனால விலை பாதி. கேக்க நல்லாத்தானே இருக்கு?

இப்ப அந்தம்மா என்ன பண்ணணும்? உலகத்துல எந்த மூலையிலயாவது, எந்த பாஷையிலயாவது, இவனுக்கு முன்னால எவனாவது இதைச் சொல்லியிருக்கானான்னு தேடணும். நாப்பது வருஷத்துக்கு முன்னால எவனோ தன் ஊர் பாஷையில எழுதி, ஒருத்தருமே வாங்காத பூட்டா இருந்தாலும் சரி, காகிதத்துல வெளியாயிருந்தா இவன் கண்டுபிடிச்சது புதுசு இல்ல. அவ்வளவுதான் கணக்கு.

பாஷை தெரியாம எப்படித் தேடறதா? நல்லா கேட்டீங்க, எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஒரு வகுப்பு எண் போட்டிருப்பாங்க. லிஃப்ட் கதவுப் பூட்டுக்கு ஒரு எண், அது எல்லா நாட்டுலயும் ஒண்ணுதான். அந்த எண்ணைத் தட்டினா உலகத்துல இருக்கற லிஃப்ட் பூட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல வரிசையா வந்து நிக்கும். அப்பறம் படம் பாக்கறதுதான். படத்துக்கு பாஷை கிடையாது சார். ஒரு நாளைக்கு முன்னூறு படம், நானூறு படம். ஒண்ணு சந்தேகமா இருந்தா, அதுக்குக் குடும்பம் இருக்கான்னு பாப்போம். குடும்பம்னுதான் சொல்லுவோம். ஒரே கண்டுபிடிப்பை ஒருத்தன் நாலு நாட்டுல பதிஞ்சிருப்பான், அதுல ஒண்ணாவது நமக்குப் படிக்கத் தெரிஞ்ச பாஷையில இருக்கும். அண்ணனைப் புரியலேன்னா தம்பியைப் படிச்சுக்கறது.

ஆனா சிலது ஒத்தைப் பிள்ளை. ஒரே நாட்டுல மட்டும் பதிஞ்சு, அதோட விட்டிருப்பான். அந்தம்மாவுக்கு அப்படி ஒண்ணு கெடச்சுது. நாப்பத்தி ரெண்டு வருஷத்துக்கு முன்னால வந்தது, பதினாலு பக்கம், மங்கின நகல். மிஷின்ல மொழிபெயர்க்கப் போட்டா எழுத்தைக் கண்டுபிடிக்க முடியாம பாதி இடத்துல கட்டம் கட்டமா வருது. முன்னால ரெண்டு வரிச் சுருக்கம் மட்டும் நமக்குப் புரியற பாஷையில இருக்கு. கொக்கியும் ஸ்பிரிங்கும் உள்ள கதவுப் பூட்டுன்னு. முகப்புல ஒரு படம், அதுல ஸ்பிரிங் இருக்கு, கூடவே ரெண்டாவதா ஒரு கொக்கியும் இருக்கு. நம்ம ஆளோட பூட்டுல ஸ்பிரிங் இல்ல. அப்ப வேற, இல்லையா?

உள்ள பதிமூணு பக்கம் இருக்கு. ஆளைப் பிடிச்சு மொழிபெயர்க்கச் சொல்லலாம், அதுக்கு மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதணும், மூணு மாசம் ஆகும். மேசையில தொண்ணூறு ஃபைல் நிக்குது. நுனிப்புல் மேஞ்சாச்சு. நாங்க அறிக்கையில ஒவ்வொரு காகிதத்துக்குப் பக்கத்துலயும் ஒரு எழுத்து போடணும் சார். எக்ஸ்னு போட்டா, இந்தப் பழைய காகிதம் ஒண்ணே போதும், புதுசுங்கற பேச்சுக்கே இடமில்லன்னு அர்த்தம். ஏ-ன்னு போட்டா, சும்மா பக்கத்து வீட்டுக்காரன், கல்யாணத்துக்கு வந்தான் சாப்பிட்டான் போனான், அவ்வளவுதான். அந்தம்மா அதுக்கு ஏ போட்டுட்டாங்க.

சார். சத்தம் கேக்குதா? லிஃப்ட் ஓடுது, மெயினை இன்னும் யாரும் ஆஃப் பண்ணல. எந்த மாடியில இருந்துச்சு இவ்வளவு நேரம்? நாலுலயா? இறங்குதே சார், யாரு கூப்பிட்டா? பெஞ்சு போடறதுக்கு முன்னாலயே யாராவது பட்டனை அமுக்கியிருப்பாங்க. அய்யோ, இவ்வளவு நேரம் லிஃப்ட் நாலுல நின்னதால அந்த ஒரு மாடியில பயமில்லாம இருந்துச்சு. இப்பத்தான் அங்க பள்ளம். ஏ பொண்ணே! எந்தப் படியில இருக்க? ஓடும்மா!

நீங்களும் போங்க சார். நான் இங்க பாத்துக்கறேன், நான் எந்திரிக்க மாட்டேன், போங்க. படி வழியா!

...

என்ன ஆச்சு? மூச்சு வாங்குது உங்களுக்கு, மெதுவா. உக்காருங்க. போட்டாச்சா? நாலுலயும் பெஞ்சு போட்டாச்சா? யாரு? கட்டு போட்ட பெரியவரா? கைப்பிடியில கை வெச்சுட்டாரா? அந்தப் பொண்ணு போய் அவர் கையைப் பிடிச்சப்ப... திறந்திருந்துச்சா? ஒரு சாண் திறந்திருந்துச்சா?

...

இல்ல, அழலை. மருந்து விட்டா இப்படித்தான் கண்ணு கொட்டும். சரி, அழறேன், அழுதா என்ன. நல்ல பொண்ணு தம்பி அது. அவளைத் திட்டிடாதீங்க, வார்டை விட்டுட்டு எதுக்கு ஓடினேன்னு யாராவது கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். தண்ணி இருந்தா கொஞ்சம் கொடுங்க.

மீதியையும் சொல்லிடறேன். நீங்க இப்ப காது கொடுத்துக் கேக்கற மாதிரி முன்னால கேக்கல. மூணு வாரத்துக்கு முன்னால இன்னொரு கம்பெனிக்காரன் லிஃப்ட் பூட்டு ஒண்ணு கொண்டு வந்தான். அதையே வேற நாட்டுலயும் பதிஞ்சிருக்கான். அந்த நாட்டுக்காரங்க தேடின அறிக்கையை நாங்க எடுத்துப் பாக்கலாம், நாங்க தேடினதை அவங்க பாக்கலாம், ஒருத்தர் உழைப்பு இன்னொருத்தருக்கு ஆகட்டுமேன்னு ஒரு ஏற்பாடு. எடுத்துப் பாத்தா, அதே ஒத்தைப் பிள்ளை. அதே மங்கின பதினாலு பக்கம். பக்கத்துல எக்ஸ். கூடவே முழுசா மொழிபெயர்த்து வெச்சிருக்காங்க அந்தப் புண்ணியவான்கள்.

ஒன்பதாம் பக்கத்துல ஒரு படம் தம்பி. ஸ்பிரிங் இல்லாத கொக்கி. தன் எடையில விழற கொக்கி. நம்ம கம்பெனிக்காரன் வரைஞ்ச அதே படம், வளைவு கூட மாறல. கீழ என்ன எழுதியிருக்கு தெரியுமா? இப்படிச் செய்யாதீங்கன்னு எழுதியிருக்கு. நான் முதல்ல இப்படித்தான் செஞ்சேன், நாப்பதாயிரம் தடவை திறந்து மூடினதும் கொக்கி மூக்கு தேஞ்சு உருண்டையாயிடுது, கதவை வேகமா சாத்தினா குழிக்குள்ள விழாம விளிம்புல உக்காந்துக்குது, லிஃப்ட் ஓடுது, பச்சை விளக்கு எரியுது, இழுத்துப் பாத்தா பூட்டின மாதிரியே இருக்கு, அஞ்சாறு தடவைக்கு ஒரு தடவை திறந்துடுது, அதனாலதான் ஸ்பிரிங்கும் ரெண்டாவது கொக்கியும் சேத்தேன்னு, அந்த மனுஷன் நாப்பத்தி ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒளிவு மறைவு இல்லாம எழுதி வெச்சிருக்கான். அவன் வேண்டாம்னு வரைஞ்சு காட்டினதை, இவன் புதுசுன்னு கொண்டு வந்து நம்ம கிட்ட முத்திரை வாங்கிட்டுப் போயிருக்கான். திருடினானா, தானாத்தான் தோணுச்சா, அது எனக்குத் தெரியாது. எக்ஸ் போட்டு அனுப்பியிருந்தா அவனும் அந்தப் பக்கத்தைப் படிச்சிருப்பான். பதில் சொல்லியாகணுமே. படிச்சா எந்த மனுஷனும் இந்தப் பூட்டைச் செய்ய மாட்டான்.

வீட்டு லிஃப்டுல நாப்பதாயிரம் ஆக அஞ்சாறு வருஷம் ஆகும். இங்க ஒரு நாளைக்கு நூறு தடவை திறக்கறாங்களா? இருநூறா? போட்டு ரெண்டு வருஷம்னு நீங்களே சொன்னீங்க. கணக்கு போட்டுக்குங்க.

அந்தம்மா என்ன பண்ணாங்களா? மூணு வாரமா? ஒண்ணும் பண்ணல. மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினாங்க, கிழிச்சுப் போட்டாங்க. மறுபடி எழுதினாங்க, அதையும் கிழிச்சாங்க. ரெண்டு மாசத்துல ரிட்டையர்மென்ட். முப்பத்தி மூணு வருஷத்துல ஒருத்தரும் ஒரு தப்பு சொன்னதில்லன்னு பேரு. பூட்டு எத்தனை வித்துதோ, யார் வீட்டுல இருக்கோ, கம்பெனிக்காரனே மாத்தியிருப்பான், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு தனக்குத் தானே சமாதானம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற வேலை. ராத்திரி தூக்கம் மட்டும் வராது. படத்தை மறுபடி எடுத்துப் பாக்கறது, ஒருவேளை வளைவு வேறயோ, ஒருவேளை கண்ணுலதான் கோளாறோன்னு. கண்ணுல கோளாறா இருந்தா எவ்வளவு நிம்மதி, சொல்லுங்க.

திட்டுங்க. நீங்க திட்டறது நியாயம்தான். அந்தப் பெரியவரோட பிள்ளைங்க வந்து திட்டினாலும் நியாயம்தான்.

எழுத்துல வேணுமா? பெரிய டாக்டர் நம்ப மாட்டாரா? ஆமா, லிஃப்டை நிறுத்தினா நாலு மாடி, கண்ணைக் கட்டிக்கிட்டு எப்படி ஏறுவாங்க, ஆபரேஷன் எல்லாம் தள்ளிப் போகும், அவர் கத்துவாரு. பூட்டுக் கம்பெனிக்காரனும் போன்ல சொல்லியிருப்பான், யாரோ வம்புக்கு வந்தவ, காப்புரிமை வாங்கின பூட்டுங்கன்னு. சொன்னானா? சொல்லுவான். எழுதிக்குங்க, நான் சொல்றேன். எனக்கு எழுத்து தெரியல, நீங்கதான் எழுதணும்.

அந்தம்மாவா வந்து எழுதிக் கொடுக்கணும்? கூட வேலை பாக்கறவ கையெழுத்து செல்லாதுன்னு பாக்கறீங்களா? செல்லும் தம்பி. எழுதுங்க. இன்னைக்கு மத்தியானம் ரெண்டாவது மாடியில, லிஃப்ட் இல்லாதப்ப கதவு திறந்தது. நாலாவது மாடியிலயும் திறந்தது. பூட்டு நம்பர் அந்தப் பொண்ணுகிட்ட இருக்கு, அதைப் போட்டுக்குங்க. இந்தக் கொக்கி தேயும்னு நாப்பத்தி ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே வெளிநாட்டுல அச்சாயிருக்கு, ஒன்பதாம் பக்கம். அந்தக் காகிதத்தோட நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க, அதுவும் மனப்பாடம்தான். அந்தக் காகிதம் பரிசோதனை நடந்தப்ப ஆபீஸ்ல இருந்தது. கையில இருந்தது. தப்பான எழுத்து போடப்பட்டது. போடப்பட்டதுன்னு வேண்டாம், அடிச்சிடுங்க. பரிசோதகர் தப்பான எழுத்து போட்டார்னு எழுதுங்க. இந்தப் பூட்டு போட்ட எல்லா இடத்துலயும் கதவை இன்னைக்கே அடைக்கணும். ஒரு நகல் எங்க ஆபீஸுக்கு, ஒண்ணு அந்தக் கம்பெனிக்கு, ஒண்ணு போலீஸுக்கு. என் முழுப் பேரு டோக்கன் சீட்டுல இருக்கு, பாத்து எழுதிக்குங்க, பதவியும் போடுங்க.

ஆச்சா? பேனாவைக் கொடுங்க. எங்க போடணும், என் விரலைப் பிடிச்சு அந்த இடத்துல வையுங்க. இருங்க இருங்க. அதுக்கு முன்னால மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை படிச்சுக் காட்டிடுங்க தம்பி. மெதுவா, ஒரு வரி விடாம. ஏற்கெனவே ஒரு தடவை, இதே பூட்டுக்கு, படிக்காம கையெழுத்துப் போட்டவ நான்.